வெளித்தாழ்ப்பாள்

கேஸ் கொடுக்க வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போன பிறகுதான், தாங்கள் இருவரும் சிறைப்பட்டிருப்பதை வால் கண்டுபிடித்தான்.

கதவை இழுத்தான். வரவில்லை. தள்ளினான். அது தள்ளித் திறக்கிற கதவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. மறுபடி இழுத்தான். கதவு அவனை மதிக்கவில்லை.

"பாஸ், வாசல்ல 'துப்பறியும் நிறுவனம்'னு போர்டு போட்டிருக்கோமே, அதுக்குக் கீழே 'உள்ளே ஆள் இருக்காங்க'ன்னும் சேர்த்து எழுதிடலாமா? அந்த ஆள் போற போக்குல வெளித்தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் போயிட்டார்."

பாஸ், அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போன போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டாரத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். தொழிலுக்காக வந்த பெயர் இல்லை. அவள் மூக்கின்மேல் உட்கார்ந்திருந்த கண்ணாடியின் கனத்துக்காக வந்தது. உதவியாளனுக்கு வால் என்று பெயர் வந்தது, அவள் பின்னாலேயே போவதால் என்று அவன் சொல்லிக்கொள்வான். அவனை ஐந்து வயதிலிருந்து அறிந்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

"தையலக்காவைக் கூப்பிடு," என்றாள் பாஸ், தலை நிமிராமல்.

"தையலக்கா! ரெண்டு அப்பாவிகள் உள்ளே மாட்டிக்கிட்டோம்!"

எதிர்க்கடையில் தையல் மெஷின் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கழுத்தில் அளவு நாடா தொங்க, தையலக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, உங்களையே தொலைச்சுட்டுத் தேடுற பயிற்சியா?"

"இல்லக்கா. வந்த கஸ்டமருக்கு எங்கமேல பாசம் பொங்கிடுச்சு. ஓடிடுவோம்னு பூட்டிட்டார்."

"அந்த வெள்ளைச் சட்டைக்காரரா? கதவைச் சாத்தினார், தாழ்ப்பாளைப் போட்டார், ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், நிம்மதியா இறங்கிப் போனார். நான்கூட உள்ளே யாரும் இல்லையாக்கும்னு நினைச்சேன்."

"பாவம், தங்கச்சியைத் தொலைச்ச கவலைக்கா. கை என்ன பண்ணுதுன்னு அவருக்கே தெரியலை."

"ம்," என்றாள் பாஸ்.

பாஸின் 'ம்' சாதாரண 'ம்' இல்லை. ஊறுகாய் ஜாடி மாதிரி. இன்றைக்குப் போட்டு மூடினால், ஊறிய பிறகுதான் திறப்பாள்.

வெள்ளைச் சட்டைக்காரர் சொன்ன கதை சின்னதுதான். அவர் தங்கை, சின்னப் பெண் குழந்தையோடு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். புருஷன் சரியில்லை, எங்கோ ஓடிவிட்டான். அதிலிருந்து இவளுக்கு மனசு நிலைகொள்ளவில்லை. வீட்டில் அம்மா பேத்தியைக் கேட்டுச் சோறு தண்ணி இல்லாமல் படுத்திருக்கிறார். நகரத்துக்கு வெளியே புதிதாக முளைத்திருக்கும் குடியிருப்புப் பகுதியில், பஸ் ஸ்டாப்பில் இவளைப் பார்த்ததாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். வாடகைக்கு வீடு தேடுகிறாளாம்.

"போலீஸுக்குப் போகலையா?" என்று பாஸ் கேட்டதற்கு, "பொண்ணு விஷயம் மேடம். நாலு பேர் வாயில விழணுமா?" என்றார். சொல்லும்போதே அழுதார். அழுது முடித்ததும் கைக்குட்டையை நான்காக மடித்து, மடிப்பை விரலால் அழுத்திவிட்டுப் பைக்குள் வைத்தார். அழுத கைக்குட்டையை இஸ்திரி போட்ட மாதிரி மடிக்கிற மனிதரை வால் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

"நல்ல குடும்பத்துப் பிள்ளை பாஸ்," என்றான்.

பாஸ் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

*

புதுக் குடியிருப்பில் வீடுகளைவிட 'வாடகைக்கு' போர்டுகள் அதிகம். போர்டுகளைவிட நிபந்தனைகள் அதிகம். ஒரு வாசலில் 'நாய்க்கு இடமில்லை' என்று எழுதி, அதன் கீழே ஒரு நாயே படுத்திருந்தது. இன்னொன்றில் 'அமைதியானவர்களுக்கு மட்டும்'. அதை மாட்டிய வீட்டுக்காரர் உள்ளே யாரையோ தொண்டை கிழியத் திட்டிக்கொண்டிருந்தார்.

"வேலை கேட்டுப் போனாக்கூட என்ன படிச்சேன்னுதான் கேப்பாங்க," என்றான் வால். "வீடு கேட்டுப் போனா என்ன சாப்பிடுறே, எத்தனை மணிக்குத் தூங்குறே, குறட்டை உண்டான்னு கேக்கறாங்க. கல்யாணம் ஆகலைன்னா நேரா கொள்ளைக்காரன் லிஸ்ட்டுல சேர்த்துடறாங்க. நான் ரெண்டு வருஷமா லாட்ஜ்ல கிடக்கறது சும்மாவா?"

"நீ லாட்ஜ்ல கிடக்கறது நீ வாய் திறக்கறதால," என்றாள் பாஸ்.

ஜெராக்ஸ் கடை நிழலில் வீட்டு புரோக்கர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் இரண்டு போன்கள். ஒன்றில் வீட்டுக்காரர்களிடம் சொல்லும் பொய், மற்றதில் குடி வருகிறவர்களிடம் சொல்லும் பொய். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பது தொழில் தர்மம்.

பாஸ் போட்டோவை நீட்டினாள். புரோக்கர் ஒரே பார்வையில் தலையாட்டினார்.

"வந்தாங்க. சின்னப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு. நாலஞ்சு வீடு காட்டினேன். என் ஆயுசுக்கும் மறக்காது."

"அப்படி என்ன பண்ணாங்க?"

"நீங்களே சொல்லுங்கம்மா, வீடு பார்க்க வர்றவங்க முதல்ல என்ன கேப்பாங்க? தண்ணி வருமா? அப்புறம் வாடகையைக் கொஞ்சம் குறைப்பாங்களா? இந்தப் பொண்ணு தண்ணியைப் பத்தி வாயே திறக்கலை. ஒவ்வொரு ரூமா போகுது, கதவை இழுத்து வெளிப்பக்கத்தைப் பார்க்குது. பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி. 'இந்த வெளித்தாழ்ப்பாளை எல்லாம் கழட்டிடலாமா?'"

வால் சிரித்துவிட்டான். "வாடகை வீட்டுல காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவே விடமாட்டாங்க. இதுல தாழ்ப்பாளைக் கழட்டறதா?"

"அதேதான் தம்பி! தாழ்ப்பாள் இருக்கான்னு கேக்கறவங்களைப் பார்த்திருக்கேன். கழட்டணும்னு கேட்டவங்களைப் பார்த்ததே இல்லை. ஒரு மாதிரியான பொம்பளைன்னு அத்தனை ஓனரும் கையை விரிச்சுட்டாங்க. கடைசியா தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு மாடி வீடு. அந்த ஓனரம்மாவும் வேண்டாம்னுட்டதா எனக்குப் போன் வந்துச்சு. அதோட அந்தப் பொண்ணு எங்கே போச்சோ, தெரியாது."

"அந்த மாடிக்கு வேற யாராவது வந்தாச்சா?"

புரோக்கர் பெருமூச்சு விட்டார். "இன்னிவரைக்கும் போர்டு தொங்குது. வாரா வாரம் ஆள் அனுப்பறேன். டாக்டர் தம்பதி போனாங்க, நேரங்கெட்ட நேரத்துல வருவீங்க, வேண்டாம்னாங்க. ரிட்டயரான ஒருத்தர் போனார், எந்நேரமும் வீட்டுலயே இருப்பீங்க, வேண்டாம்னாங்க. எமனே வந்து கேட்டாலும் எருமைக்குப் பார்க்கிங் இல்லைன்னுடுவாங்க அந்தம்மா."

வால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பாஸ் சிரிக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக் கதவின் வெளித்தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் அதைத் தள்ளினாள். திரும்ப இழுத்தாள்.

நடக்கும்போதே வால் போனில் ஏதோ தட்டினான்.

"யாருக்கு?"

"நம்ம கஸ்டமருக்குத்தான். ஓட்டல்ல சாப்பாடு சொன்னா, எங்கே வந்துக்கிட்டிருக்குன்னு போன்லயே காட்டறாங்க இல்லையா? கேஸும் அப்படித்தான் பாஸ் காட்டணும். மனுஷன் தவிச்சுக்கிட்டிருப்பார்."

பாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது.

*

சின்னத் தெரு. கீழே ஓனரம்மா, மேலே காலி வீடு, கம்பிக் கதவில் 'மாடி வாடகைக்கு' என்று போர்டு. மாடிக்குப் போக வெளியிலேயே படிக்கட்டு. ஓனரம்மா ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். குழாயைப் பிடித்திருந்த தோரணையைப் பார்த்தால், செடிகளே அவளிடம் அனுமதி வாங்கித்தான் வளர்வது போல இருந்தது.

முதலில் வால் போனான். மனைவி, இரண்டு குழந்தைகள் என்று ஒரு குடும்பத்தையே நொடியில் உருவாக்கிக்கொண்டு.

"குழந்தைங்க இருக்கா?" என்றாள் ஓனரம்மா.

"ரெண்டு இருக்கும்மா. ரெண்டும் வாயே திறக்காதுங்க."

"பேச்சு வராதா?"

"வரும்மா. அடக்கம்."

"உன்னைப் பார்த்தா அடக்கமான பிள்ளை பிறக்கும்னு தோணலை. சுவத்துல கிறுக்கும். வேண்டாம்ப்பா. அதோட இங்கே தண்ணிக் கஷ்டம். சொட்டுத் தண்ணி வராது."

சொல்லும்போது குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு வாலின் செருப்பை நனைத்தது.

அவன் தெருமுனைக்குத் திரும்பினதும், சற்று நேரம் விட்டுப் பாஸ் போனாள். தனி மனுஷி, வேலைக்குப் போகிறவள், சத்தம் போடத் தெரியாதவள் என்று சொன்னாள்.

"தனியாவா?" ஓனரம்மா உதட்டைப் பிதுக்கினாள். "குழந்தை குட்டி சத்தம் கேக்காத வீடு விளங்காதும்மா. அதோட மாடியெல்லாம் ஓதம். எந்நேரமும் தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கும். உடம்புக்கு ஆகாது."

"ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துடறேனே?"

"பார்த்தா மட்டும் காய்ஞ்சுடுமா? வேற இடம் பாரும்மா."

தெருமுனை பேக்கரி வாசலில் பாஸும் வாலும் சேர்ந்தார்கள்.

"எனக்குப் பாலைவனம், உங்களுக்கு வெள்ளம்," என்றான் வால். "ஒரே மாடியில எப்படி பாஸ்? அந்தம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சு."

"ஊர்ல எந்த ஓனராவது தன் வீட்டைத் தானே குறை சொல்லிக் கேட்டிருக்கியா? கூரையே இல்லைன்னாலும் 'நல்ல காத்தோட்டம்'னுதானே சொல்வாங்க?"

வால் யோசித்தான். அவன் குடியிருந்த ஒரு வீட்டில் பக்கத்துக் கல்லறையை 'அமைதியான சுற்றுப்புறம்' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"அந்தம்மாவுக்கு வீட்டை வாடகைக்கு விட எண்ணமே இல்லை," என்றாள் பாஸ். "அப்புறம் ஏன் போர்டு? நினைச்சுப் பார். போர்டு இல்லாத வீட்டு மாடியில செருப்பு கிடந்தா, லைட் எரிஞ்சா, தெருவே மோப்பம் பிடிக்கும். யாரு வந்திருக்கா, எந்த ஊரு, புருஷன் எங்கேன்னு. போர்டு தொங்கினா? வீடு பார்க்க யாரோ வந்திருப்பாங்கன்னு போயிடும். இந்த ஏரியாவுல ஒரு ஆளை ஒளிச்சு வைக்கணும்னா, அதுக்குக் காலி வீட்டை விடப் பத்திரமான இடம் கிடையாது."

"அப்போ தங்கச்சி மேலதான் இருக்காங்க!" வால் துள்ளினான். "கேஸ் முடிஞ்சது! அண்ணனுக்கு ஒரு போன் போட்டா..."

"போனை உள்ளே வை."

அந்தக் குரலில் பாஸ் பேசி அவன் கேட்டதில்லை. வைத்தான்.

"அந்தப் பொண்ணு வீடு தேடும்போது எதைத் தேடிச்சு? வெளித்தாழ்ப்பாள் இல்லாத கதவை. யாருக்கு அது வேணும்? ஒரு கதவுக்கு உள்ளே ரொம்ப நாள் கிடந்தவங்களுக்கு. இப்போ இன்னொண்ணு சொல்லு. இன்னிக்குக் காலையில நம்மளை உள்ளே வச்சுத் தாழ்ப்பாள் போட்டது யாரு?"

வாலுக்கு வாயில் போட்ட பிஸ்கட் அப்படியே நின்றது.

"கவலையில இருக்கறவன் கதவைத் திறந்து போட்டுட்டுப் போவான்," என்றாள் பாஸ். "சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, இழுத்தும் பார்த்துட்டுப் போக மாட்டான். அது மனசு பண்ணின வேலை இல்லை, கை பண்ணின வேலை. தினம் தினம் ஒரே வேலையைச் செஞ்சு பழகின கை. ஆள் இருக்கற அறையைப் பூட்டிட்டு ஆபீஸ் போற கை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "தன்னால கண்டுபிடிக்க முடியலை. அதான் நம்மகிட்ட அழுதுட்டுப் போயிருக்கான். நீ அவனுக்கு என்ன அனுப்பினே?"

வால் போனை எடுத்துக் காட்டினான். 'நல்ல துப்பு கிடைத்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துத் தெரு. விரைவில் நல்ல செய்தி.' அதன் கீழே, பதில். 'பஸ் ஸ்டாப்பில்தான் இருக்கிறேன். நானே வருகிறேன்.'

*

ஓனரம்மா குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒன்றாக வருவதைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"ஓகோ. அடக்கமான பிள்ளைங்களோட அம்மா இவங்கதானா?"

"அம்மா, எங்களுக்கு வீடு வேண்டாம்," என்றாள் பாஸ். "மேலே கழட்டின தாழ்ப்பாளை எல்லாம் எங்கே வச்சிருக்கீங்க?"

ஓனரம்மா கையிலிருந்த குழாய் நழுவியது.

"அவன் வந்துக்கிட்டிருக்கான். வழி சொன்னது நாங்க. தெரியாம சொல்லிட்டோம். மேலே கூட்டிட்டுப் போங்க, சீக்கிரம்."

ஓனரம்மா வாலை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் அவனுக்கு மாமியார் இல்லாத குறை தீர்ந்தது. பிறகு வயதை மறந்து இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

மாடி வீட்டில் சாமான் அதிகமில்லை. ஒரு பாய், இரண்டு தட்டு, ஸ்டூல். எல்லாக் கதவுகளும் விரியத் திறந்திருந்தன. ஒவ்வொரு கதவின் வெளிப்பக்கத்திலும் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. போட்டோவிலிருந்த பெண் சுவரோரம் நின்றாள். போட்டோவில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள். சிறுமி ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"உங்க அண்ணன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர்..." என்று பாஸ் ஆரம்பித்தாள்.

"எனக்குக் கூடப்பிறந்தவங்க யாருமே இல்லைங்களே."

சிறுமி திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கித் தெருவைப் பார்த்தாள். கத்தவில்லை. திரையை மெதுவாக விட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"அப்பா வந்திருக்காரு," என்றாள், ரகசியமாக.

வால் திரைக்கு இடையில் கண்ணை வைத்தான். வெள்ளைச் சட்டை. தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த குழந்தைச் சட்டையை நின்று பார்த்தது. பிறகு இந்த வீட்டை நிமிர்ந்து பார்த்தது. போர்டைப் படித்தது. பார்வை அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

ஓனரம்மா விட்ட மூச்சு எல்லோருக்கும் கேட்டது.

"போர்டு ஒரு தடவைதான் காப்பாத்தும்," என்றாள் பாஸ், மெல்ல. "தெருமுனை பேக்கரியில யாரையாவது கேட்டான்னா முடிஞ்சுது. வால், அவனுக்குப் போன் போடு. நீ கூட்டிட்டு வந்த ஆளை நீயே இங்கேருந்து அனுப்பு."

"என்ன சொல்லி பாஸ்?"

"தங்கச்சி நம்ம ஆபீஸ்ல இருக்கான்னு."

வாழ்க்கையில் எத்தனையோ பொய்களை வால் காரணமே இல்லாமல் சொல்லியிருக்கிறான். முதல்முறையாகக் காரணத்தோடு சொல்ல வேண்டி வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. எண்ணைத் தட்டினான். கீழே தெருவில் அந்த மனிதர் பையிலிருந்து போனை எடுப்பதை அவனே பார்த்தான்.

"சார்! எங்கே இருக்கீங்க? கிடைச்சுட்டாங்க சார்! உங்க தங்கச்சி, பாப்பா, ரெண்டு பேரும்! இப்பதான் ஆபீஸுக்குக் கூட்டிட்டு வந்தோம். ஒரே அழுகை."

வெள்ளைச் சட்டை நின்றது. "தண்ணித் தொட்டித் தெருன்னீங்களே?"

"அங்கேதான் சார் பார்த்தோம். ரோட்டுல வந்துக்கிட்டிருந்தாங்க. கையோட கூட்டிட்டு வந்துட்டோம்."

தெருவில் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. அந்த மனிதர் போனைக் காதிலிருந்து விலக்கிப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"பின்னாடி லாரி சத்தம் கேக்குதே?"

"எங்க ஆபீஸ் வாசல்லயும் ரோடுதான் சார் இருக்கு," என்றான் வால்.

பிறகு அந்தக் குரல், மிகவும் மரியாதையாக: "தங்கச்சிகிட்ட போனைக் குடுங்க."

வால் திரும்பினான். பாஸ் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். வேண்டாமென்றால் வேண்டாம் என்பது போலக் கையை அசைத்தாள். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் தெரிந்த சின்னப் பாதங்களைப் பார்த்தாள். வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நான்தாங்க." இடைவெளி. "ஆமாங்க." இடைவெளி. "தப்புதாங்க. இனிமே போக மாட்டேங்க. வாங்க."

மூச்சு விடக்கூட அனுமதி கேட்கிற குரல் அது. போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தில் அந்தக் குரலுக்குரியவள் இல்லை. அவளை எங்கோ உள்ளே தள்ளி மூடிவிட்டு வந்தவள் போல நின்றாள்.

தெருவில் வெள்ளைச் சட்டை கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றியது. நான்காக மடித்துப் பையில் வைத்தது. டாக்ஸி ஒன்றை நிறுத்தி ஏறிப் போனது.

*

பாஸ் இரண்டு போன் செய்தாள். முதலாவது, அவளுக்குத் தெரிந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு. பேசப் பேச இடையில் நிறுத்தி அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"அந்த வீட்டுல எந்தக் கதவு?"

"படுக்கற ரூம். வெளிப்பக்கம் ரெண்டு தாழ்ப்பாள். மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. காலையில சமையல் முடிஞ்சதும் போட்டுட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டுப் போவார். பாப்பாவை ஹால்ல விட்டுடுவார், இவளுக்கு எட்டாதுன்னு." கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஒரு நாள் மேல்தாழ்ப்பாள் இவளுக்கு எட்டிடுச்சு."

"போலீஸுக்குப் போகலையா?" என்றான் வால்.

"போனேன். அடிச்சாரான்னு கேட்டாங்க. அடிக்கலை, கதவைத்தான் சாத்துவார்னு சொன்னேன். எழுதிக்கலை."

"கதவைச் சாத்தறதும் குத்தம்தான்," என்றாள் பாஸ். "கேக்கற காதுதான் வேணும். இந்த இன்ஸ்பெக்டருக்கு அந்தக் காது இருக்கு. ஒரு ஆளை உங்க வீட்டுக்கு அனுப்பி முதல்ல அந்தக் கதவைப் போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கேன். உங்க வீட்டுக்காரர் போய்த் தாழ்ப்பாளைக் கழட்டறதுக்கு முன்னாடி."

இரண்டாவது போன் தையலக்காவுக்கு. அது சுருக்கமாக முடிந்தது. தையலக்காவுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு காத்திருந்தார்கள். ஓனரம்மா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். வாலுக்கு மட்டும் கடைசியாக, சர்க்கரை இல்லாமல். அவன் ஒன்றும் கேட்காமல் குடித்தான். சிறுமி கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, அவன் ஈரச் செருப்பைப் பார்த்துவிட்டு, மறுபடி போய்விட்டாள்.

கடைசியில் பாஸின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"வந்தார்மா," என்றது தையலக்காவின் குரல். "அவங்க உள்ளே இருக்காங்க, போங்கன்னேன். போனார். சாத்திட்டேன். தாழ்ப்பாள் போட்டுட்டேன்." சற்று நிறுத்தினாள். "இழுத்தும் பார்த்துட்டேன்."

அவள் குரலுக்குப் பின்னால் வேறொரு சத்தம் கேட்டது. தட். தட். தட். 'யாரு வெளியே? கதவைத் திறங்க!'

"இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் திறக்காதீங்கக்கா," என்றாள் பாஸ்.

"எனக்குக் கேட்டாத்தானே திறக்கறதுக்கு? மெஷின் ஓடிக்கிட்டிருக்கு இல்லை?"

இந்த இடத்தில் ஒரு ஜோக் அடிப்பது தன் கடமை என்று வாலுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். வரவில்லை.

அவள் போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். சந்தோஷமில்லை, கோபமும் இல்லை. தான் நடந்து வந்த தெருவில் யாரோ நடந்து வருகிற சத்தத்தைக் கேட்பவள் போல இருந்தாள்.

"இப்போ உள்ளங்கையால தட்டறார்," என்றாள். சற்று நேரம் கழித்து, "இப்போ முஷ்டி."

தட்டும் சத்தம் வேகமாயிற்று. 'தெரியுமா நான் யாருன்னு?' என்றது ஒரு குரல். பிறகு ஏதோ உதைபட்டது.

"கால். கால் வலிக்கும். ரொம்ப நேரம் முடியாது. அப்புறம் பேர் சொல்லிக் கூப்பிடத் தோணும். யார் பேரைச் சொல்றதுன்னு தெரியாது."

சிறுமி வந்து அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டாள். ஓனரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சத்தம் தளர்ந்தது. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று. அதற்குப் பிறகு தையலக்காவின் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"உட்கார்ந்துட்டார்," என்றாள் அவள். "கதவுகிட்டயே."